வேட்டைக்காரரும் வாடிக்கைக் கடையும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் பென்ஸில்வேனியா மாகாணத்தில், நவம்பர் மாதத்தில் வரும் நன்றியறிதல் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் மான் வேட்டைப் பருவம் தொடங்குவது பல தலைமுறைகளாக நிலைத்திருந்த சம்பிரதாயம். அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். பாட்டனும் தந்தையும் மகனும் முதல் நாள் இரவே காட்டுக் குடில்களில் வந்து கூடி, பொழுது புலருமுன் பனியை மிதித்துக்கொண்டு தத்தம் இடங்களுக்குச் சென்று காத்திருப்பார்கள். 2019ஆம் ஆண்டில் அந்தத் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியபோது குடும்பங்களிடையே எழுந்த மனத்தாங்கலைக் கண்டவர்கள், அதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணமாட்டார்கள். அத்தகைய குடும்ப வைபவத்திற்கு வேண்டிய துப்பாக்கியையும் தோட்டாவையும் குளிர் தாங்கும் உடையையும் நீர் புகாத பாதரட்சையையும் எந்தக் கடையில் வாங்குவது என்பதும், நம் நாட்டில் கலியாணப் பட்டு எடுப்பதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே ஜவுளிக்கடையின் படியேறும் குடும்பங்களைப் போலவே, தந்தை காட்டிக் கொடுக்க மகன் பின்பற்றி வந்த தீர்மானமாக இருந்தது.

அவ்வளவு ஆழமாக வேரூன்றிய அபிமானம், கடந்த நூறாண்டுகளுக்குள் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு எத்தனையோ முறை இடம் பெயர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் வேதவாக்காக மதித்த கடைகள் சில இன்று பெயரளவில்கூட வேட்டையோடு சம்பந்தம் இல்லாமல் போய்விட்டன. சில, பெயர் மாத்திரம் எஞ்ச, பிறர் கைக்குப் போய்விட்டன. வாடிக்கைக்காரர்களின் சஞ்சல புத்தியே இதற்குக் காரணம் என்றும், நாலணா குறைத்துக் கொடுப்பவனிடம் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்றும் வியாபார உலகத்தார் கூறுவதுண்டு. அந்தக் கடைகளின் சரித்திரத்தை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கும்போது எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் முதலில் மாறியது கடை. வேட்டைக்காரர் மாறியது அதற்குப் பின்னரே. ஒரே ஒரு கட்டத்தில் மாத்திரம் இந்த முடிவு பொருந்தாது. அதையும் மறைக்காமல் உரிய இடத்தில் கூறுவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில், கிராமத்து வேட்டைக்காரருக்குக் கடை என்றால் மாவும் மண்ணெண்ணெயும் ஆணியும் விற்கிற உள்ளூர்ப் பலசரக்குக் கடைதான். 1896இல் கிராமத்து வீடுகளுக்கு நேரே கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் தபால் முறையும், 1913இல் பொட்டலத் தபாலும் ஏற்பட்ட பிறகு, அந்த எல்லை உடைந்தது. சிகாகோ நகரத்து ஸியர்ஸ் கம்பெனியின் பருத்த விலைப்பட்டியல் பண்ணை வீடுகளின் சமையலறை மேஜைக்கு வந்து சேர்ந்தது; அதில் தையல் இயந்திரத்திற்குச் சில பக்கங்கள் தள்ளி இரட்டைக் குழல் துப்பாக்கிகளும் இடம் பெற்றிருந்தன. ஆயினும் ஸியர்ஸ் எல்லாருக்கும் எல்லாம் விற்ற கடை. வேட்டைக்காரனுக்கென்றே ஒரு கடை வேண்டும் என்ற எண்ணத்திற்கு உருவம் கொடுத்தவர்கள் வேறு சிலர்.

அவர்களுள் முன்னவர் டேவிட் ஆபர்க்ராம்பி. 1892இல் நியூயார்க் நகரத்தில், கூடாரங்களும் வனயாத்திரைக்கு வேண்டிய சாமான்களும் விற்க அவர் தொடங்கிய சிறு கடையில் வாடிக்கைக்காரராக நுழைந்த எஸ்ரா ஃபிச் என்ற வக்கீல் பின்னர் கூட்டாளியானார். இருவரும் மனம் ஒவ்வாது 1907இல் பிரிந்தார்கள். கரடுமுரடான காட்டுவாசிகளுக்கே சரக்கு விற்க வேண்டும் என்பது ஆபர்க்ராம்பியின் கொள்கை. செல்வந்தர்களையும் அழைக்க வேண்டும் என்பது ஃபிச்சின் நோக்கம். 1909இல் 456 பக்கங்கள் கொண்ட விலைப்பட்டியலை 50,000 பேருக்கு அனுப்பி, அந்தச் செலவிலேயே கம்பெனி மூழ்கிவிடும் நிலைக்கு வந்து, பின்பு குவிந்த ஆர்டர்களால் ஃபிச் கரையேறினார். 1917இல் மாடிஸன் அவென்யூவில் பன்னிரண்டு அடுக்கு மாளிகை எழுந்தது. அதன் நிலவறையில் துப்பாக்கி சுட்டுப் பார்க்கும் கூடமும், மேல்மாடியில் மரக்கட்டைகளால் அமைத்த குடிலும், அதன் பக்கத்தில் தூண்டில் வீசிப் பழகுவதற்கென்று ஒரு குளமும் இருந்தன. ஜனாதிபதி பதவிக்காலம் முடிந்ததும் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடச் சென்ற தியோடோர் ரூஸ்வெல்டும், எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயும் அந்தக் கடையின் வாடிக்கைக்காரர்கள்.

அந்த மாளிகை பெரும் பணக்காரர்களின் வேட்டையை நம்பி நின்றது. அந்த வகுப்பாரின் புதல்வர்கள் வேட்டையை விட்டு வேறு விளையாட்டுகளை நாடியபோதும், கடையின் விலையும் தோரணையும் இறங்கி வரவில்லை. 1976இல் திவாலாகி, அடுத்த ஆண்டு கதவடைத்தது. பெயரை மாத்திரம் வேறு ஒரு கம்பெனி வாங்கியது. 1988இல் அது மற்றொரு கைக்கு மாறியது. இன்று வயது வந்த பிள்ளைகளின் சட்டையிலும் காற்சட்டையிலும் அப்பெயரைக் காண்கிறவர்களுக்கு, ஒரு காலத்தில் சிங்க வேட்டைத் துப்பாக்கி விற்ற கடையின் பெயர் அது என்பதே தெரியாது.

லியான் லியான்வுட் பீன் என்பவரின் கதை இதற்கு நேர்மாறானது. வேட்டைக்காரர்களின் விசுவாசம் என்பது எதன்மீது கட்டப்பட்டது என்பதை அறிய விரும்புவோர் இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். மெயின் மாகாணத்து ஃப்ரீபோர்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த அவர், மான் வேட்டையிலிருந்து ஈரக் கால்களோடு திரும்பிய அனுபவத்தால் உந்தப்பட்டு, அடிப்பாகம் ரப்பரும் மேற்பாகம் தோலுமாக ஒரு பாதரட்சையைச் செய்வித்தார். 1912இல், மெயினுக்கு வேட்டையாட வரும் வெளி மாகாணத்தாரில் உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தேடிப் பெற்று, அவர்களுக்கெல்லாம் தபாலில் விளம்பரத் தாள் அனுப்பினார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 ஜோடிகள், ரப்பரையும் தோலையும் சேர்த்த தையல் விட்டுப்போய்த் திரும்பி வந்தன. வேறு யாராக இருந்தாலும் ஊரைவிட்டே போயிருப்பார். பீன் கடன் வாங்கி, ஒவ்வொருவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பாதரட்சையைச் செப்பனிட்டு மறுபடியும் விற்றார். மனத்துக்குத் திருப்தியில்லையெனில் எப்பொழுது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற வாக்குறுதி அந்த நஷ்டத்தில் பிறந்தது. அந்த வாக்குறுதியே கடையின் மூலதனமாயிற்று.

நள்ளிரவில் மோட்டார் வண்டியில் வடக்கே காட்டை நோக்கிப் போகிற வேட்டைக்காரர்கள் வழியில் கதவைத் தட்டி எழுப்புவதைக் கண்டு, 1951இல் பீன் தம் கடையை வருஷம் முழுவதும், இரவு பகல் எந்நேரமும் திறந்துவைக்கலானார். கதவுக்குப் பூட்டே வேண்டாம் என்றாகிவிட்டது. வியாபாரத்தில் இப்படிப்பட்ட காரியங்கள் லாபக் கணக்குக்கு அப்பாற்பட்டவை. இரவு மூன்று மணிக்கு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை வாங்கிக்கொண்டு போனவன், அதை வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. தன் மகனுக்கும் சொல்லிவிட்டுத்தான் போவான்.

1967இல் பீன் காலமானார். பேரர் லியான் கார்மன் பொறுப்பேற்றுக் கடையைப் பன்மடங்கு வளர்த்தார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்லூரி மாணவர்களும் நகரத்துக் கனவான்களும் அந்த ரப்பர் பாதரட்சையை நாகரிகச் சின்னமாக அணியத் தொடங்கினர். விலைப்பட்டியலில் மேல்சட்டைகளும் படுக்கை விரிப்புகளும் பக்கங்களைப் பிடித்துக்கொள்ள, வேட்டைக்காரனுக்குரிய பக்கங்கள் பின்னே ஒதுங்கின. 2018இல், அந்தப் பழைய வாக்குறுதியைப் பலர் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்று கூறி, திருப்பித் தருவதற்கு ஓராண்டு எல்லை வகுத்தார்கள். குப்பையிலும் பழைய சாமான் சந்தையிலும் பொறுக்கிய செருப்புகளைக் கொண்டுவந்து பணம் கேட்டவர்கள் இருந்ததும் உண்மையே. கடையின்மேல் முழுப் பழியையும் சுமத்துவது தர்மமாகாது. ஆனால் அதற்கு வெகு காலத்துக்கு முன்னமே வேட்டைக்காரர்கள் மேற்குத் திசையை நோக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மேற்கே மின்னஸோட்டா மாகாணத்து வஸீகா என்ற ஊரில், ஜார்ஜ் லியானார்ட் ஹெர்ட்டர் என்ற விசித்திர புருஷர் தம் குடும்பத்து ஜவுளிக்கடையை 1937 முதல் தபால் வழி வேட்டைச் சாமான் கடையாக மாற்றிக்கொண்டு வந்தார். நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகள், வாத்தின் குரலை எழுப்பும் ஊதுகுழல்கள், சுட்ட தோட்டாக் கூடுகளில் மறுபடியும் மருந்து நிரப்பும் கருவிகள் ஆகிய எல்லாவற்றையும், உலகத்தில் இதற்கு இணை இல்லை என்ற தோரணையில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வர்ணித்து எழுதினார். அந்த வர்ணனைகளில் மிகை அதிகம். சரக்கிலோ குறை சொல்ல இடமில்லை. குளிர்கால இரவுகளில் அந்த விலைப்பட்டியலைக் கதைப் புஸ்தகம் போல வாசித்து வளர்ந்த சிறுவர்கள் அந்நாட்டில் பல்லாயிரம் பேர் இருந்திருக்கிறார்கள். தபாலில் வரும் அந்தக் காகிதக் கட்டின் வாயிலாகத் தங்களோடு ஒரு மனிதர் பேசுகிறார் என்ற உணர்ச்சியே அவர்களை ஹெர்ட்டரிடம் பிணித்தது.

1963ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கருவியான இத்தாலியத் துப்பாக்கி, சிகாகோவில் உள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து, பத்திரிகையில் வந்த விளம்பரச் சீட்டை வெட்டி அனுப்பி, பொய்ப் பெயரில், தபால் செலவு உட்பட 21 டாலர் 45 செண்டுக்கு வாங்கப்பட்டது என்று தெரிந்தபோது நாடே திகைத்தது. 1968இல் ராபர்ட் கென்னடியும் மார்ட்டின் லூதர் கிங்கும் கொல்லப்பட்டபின், மாகாண எல்லை தாண்டித் துப்பாக்கியையும் தோட்டாவையும் தபால் மூலம் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில் நிறைவேறியது. கொலையாளி ஒருவன் செய்த காரியத்தால் குறுகிப்போன வழியில், குற்றமற்ற லட்சோபலட்சம் வேட்டைக்காரர்களும் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஹெர்ட்டரின் கடைக்கும் அந்தச் சட்டம் பெரும் அடியாயிற்று. நாளடைவில் அது நொடித்துப்போனது. அப்பெயரைப் பிற்காலத்தில் வாங்கித் தோட்டாப் பெட்டிகளின்மேல் அச்சிட்டவர்கள்தாம் அடுத்த யுகத்தின் நாயகர்கள்.

நெப்ராஸ்கா மாகாணத்துச் சமவெளியில் சாப்பெல் என்று ஒரு சிறிய ஊர். அங்கே தகப்பனாரின் நாற்காலி மேஜைக் கடையில் வேலை பார்த்த டிக் கபேலா, 1961இல் சிகாகோவுக்குக் கொள்முதல் செய்யப் போன இடத்தில், இறகும் நூலும் கொண்டு ஈயைப்போல் கட்டிய தூண்டில்களை 45 டாலருக்கு வாங்கிவந்தார். பன்னிரண்டு தூண்டில் ஒரு டாலர் என்று வயோமிங் மாகாணத்துக் காஸ்பர் நகரப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். ஒரே ஒருவர்தாம் பணம் அனுப்பினார். மனம் தளராமல், ஐந்து தூண்டில் இலவசம், தபால் செலவுக்கு 25 செண்டு மாத்திரம் அனுப்பினால் போதும் என்று நாடெங்கும் செல்லும் பத்திரிகைகளில் மாற்றி விளம்பரம் செய்தார். கடிதங்கள் வந்து குவிந்தன. டிக்கும் மனைவி மேரியும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார்கள். எழுதியவர்களின் பெயரையும் விலாசத்தையும் மேரி, சமையல் குறிப்பு எழுதும் அட்டைகளில் எழுதிப் பத்திரப்படுத்தினார். ஒவ்வொரு பொட்டலத்திலும் வேறு சாமான்களின் விலைகளைக் குறித்த தாள் ஒன்று கூடவே சென்றது. 1963இல் தம்பி ஜிம் சேர்ந்தார். 1969இல் பக்கத்து ஊரான ஸிட்னியில், முன்பு உழவு இயந்திரங்கள் விற்ற ஒரு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கபேலா சகோதரர்கள் தாமே வேட்டைக்காரர்கள். ஊழியர்கள் கூடாரத்தையோ துப்பாக்கித் தொலைநோக்கியையோ இரவலாக எடுத்துப்போய்க் காட்டில் உபயோகித்துப் பார்த்து, அதன் குணதோஷங்களைக் குறிப்பெழுதித் தரும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆகவே தொலைபேசியில் வாங்க அழைத்தவரிடம், அந்தப் பாதரட்சை உறைபனியில் எப்படி இருக்கும் என்று கேட்டால், அதை அணிந்து பனியில் நடந்தவரே பதில் கூறும் நிலைமை இருந்தது. நெப்ராஸ்காவின் மூலையில் உள்ள ஓர் ஊரை, அலாஸ்காவிலும் டெக்ஸஸிலும் உள்ளவர்கள் தங்கள் ஊர்க் கடையைப் போல் பாவித்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

1987இல் கியர்னியிலும் 1991இல் ஸிட்னியிலும் அவர்கள் கடை திறந்தார்கள். பிறகு ஓவடானா, டண்டீ, கான்ஸஸ் ஸிட்டி, ஹாம்பர்க் என்று பிரமாண்டமான மண்டபங்கள் எழுந்தன. பென்ஸில்வேனியாவின் ஹாம்பர்க் கடை மாத்திரம் சுமார் 2,50,000 சதுர அடி. நடுவில் செயற்கை மலை, அதன்மேல் பாடம் செய்யப்பட்ட கரடிகளும் மலையாடுகளும் மான்களும், பக்கத்தில் மீன் தொட்டிகள், ஒரு புறம் அரிய பழைய துப்பாக்கிகளுக்கென்றே ஒரு கூடம். நூறு மைல் வண்டியோட்டி வந்து, காலை முதல் மாலை வரை சுற்றிப் பார்த்து, அங்கேயே உணவருந்திவிட்டுத் திரும்புகிற குடும்பங்களுக்கு அது க்ஷேத்திர யாத்திரையாகிவிட்டது.

இதே காலத்தில் மிஸ்ஸூரி மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஜானி மாரிஸ் என்ற இளைஞர் 1972இல் தகப்பனாரின் மதுக்கடையின் பின்பகுதியில் எட்டடி இடம் ஒதுக்கி வாங்கித் தூண்டில் விற்கத் தொடங்கினார். 1974இல் விலைப்பட்டியல், 1978இல் படகு, பின்னர் நீர்வீழ்ச்சிகளோடு கூடிய மாபெரும் கடை என்று அவருடைய பாஸ் ப்ரோ கம்பெனி வளர்ந்தது. தெற்குப் பிராந்தியத்தில் மீன் பிடிப்பவர்களுக்குப் பாஸ் ப்ரோ, வடக்கிலும் மேற்கிலும் வேட்டையாடுபவர்களுக்குக் கபேலாஸ் என்று, வாடிக்கைக்காரர்களே தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றன்மேல் அபிமானம் உடையவர் மற்றதன் தொப்பியை அணியமாட்டார்.

முன்னே நான் குறிப்பிட்ட விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. இந்த மாளிகைகள் எழுந்தபோது ஒவ்வொரு வட்டாரத்திலும் இருந்த சிறு துப்பாக்கிக் கடைகளும் இரும்புக் கடையின் ஒரு மூலையில் தோட்டா விற்றவர்களும் வாடிப்போனார்கள். அவர்கள் யாரையும் கைவிடவில்லை. பழைய சரக்கையே பழைய நேர்மையுடன் விற்றார்கள். வேட்டைக்காரர்கள்தாம் அவர்களைக் கைவிட்டார்கள். பெரிய கடையில் ஒரே பாதரட்சைக்கு இருபது தினுசு இருந்தது. தபால் வழி வாங்கினால், வெளி மாகாணக் கம்பெனி விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1967இலும் 1992இலும் கூறியிருந்தபடியால், அதிலும் ஒரு மிச்சம் இருந்தது. இதைவிடக் கொடுமை, இந்தப் பெருங்கடைகளை வரவழைக்கும் ஆசையால் நகர நிர்வாகங்கள் பல, வருங்காலத்தில் கிடைக்கப்போகும் வரிப் பணத்தையே ஈடாகக் காட்டிக் கடன் பெற்று, நிலமும் சாலையும் சலுகையாக அளித்தன. தன் வரியைக் கிரமமாகக் கட்டி வந்த உள்ளூர்க் கடைக்காரர், தம்மை அழிக்கப்போகிற கடைக்குத் தம் ஊரே மானியம் கொடுப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஸ்கான்ஸின் மாகாணத்து வில்மட்டில் 1960இல் தோன்றிய கேண்டர் மவுண்டன் என்ற வேட்டைச் சாமான் கம்பெனியின் வரலாறு சுருக்கமானது. 1996இல் திவாலானபோது அதன் தபால் வியாபாரத்தைக் கபேலாஸ் விலைக்கு வாங்கியது. கடைகள் வேறொருவர் கைக்குச் சென்றன. தன் பெயரிலேயே தபாலில் விற்கும் உரிமைக்காக அந்தக் கம்பெனி பின்னாளில் கபேலாஸோடு நீதிமன்றப் படியேற நேர்ந்தது. கடைகளை வேகமாகப் பெருக்கி, சுமார் 160 கடைகளோடு 2017 மார்ச்சில் மீண்டும் திவாலாயிற்று. வீட்டுக்கு அருகில் இருக்கிறதே என்று போனவர்கள் உண்டு. அந்தக் கடைக்கென்று ஊர் தாண்டிப் போனவர்கள் குறைவு.

கபேலாஸின் வீழ்ச்சி வேறு விதமானது. 2004இல் அது பங்குச் சந்தையில் பிரவேசித்தது. அது முதல், சமையலறை மேஜையில் எழுதிய அட்டைகளுக்குப் பதிலாகக் காலாண்டு லாபக் கணக்கே கடையை நடத்தலாயிற்று. நாடெங்கும் கடைகளைப் பெருக்கினார்கள். புதிய கடைகள் பழையவற்றைவிடச் சிறியவை. தமக்கென்று ஒரு வங்கியையே நடத்தி, கடன் அட்டையில் புள்ளிகள் சேர்த்துத் துப்பாக்கி வாங்கும்படி செய்தார்கள். விற்பனை தளர்ந்த காலத்திலும் அந்த வங்கி லாபம் ஈட்டிக் கொடுத்தது. 2014இல் டிக் கபேலா காலமானார். 2015 அக்டோபரில் எலியட் மேனேஜ்மெண்ட் என்ற நியூயார்க் நகரத்து முதலீட்டு ஸ்தாபனம், பதினொரு சதவீதத்துக்கு மேற்பட்ட பங்குகளைக் கைப்பற்றிக்கொண்டு, கம்பெனியை விற்பது முதலான வழிகளை ஆராய வேண்டும் என்று நெருக்கியது. ஓராண்டுக்குள், 2016 அக்டோபரில், 550 கோடி டாலருக்குப் பாஸ் ப்ரோ கபேலாஸை வாங்கப்போவதாக அறிவிப்பு வெளிவந்தது. பின்னர் விலை சற்றுக் குறைக்கப்பட்டு, 2017 செப்டம்பரில் கைமாற்றம் முடிந்தது.

ஒன்றுக்கொன்று போட்டியாக நின்ற இரண்டு பெயர்கள் ஒரே சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்ததும், இரண்டிலும் ஒரே சரக்கு ஒரே விலையில் அடுக்கப்பட்டிருப்பதை வேட்டைக்காரர்கள் கண்டார்கள். தங்கள் வீட்டில் இருபது வருஷம் உழைத்த கபேலாஸ் முத்திரை உடைகள் பழைய உறுதியோடு வருவதில்லை என்றும், கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பழைய ஊழியர்களைக் காணோம் என்றும் பலர் மனம் நொந்து கூறினார்கள். ஜானி மாரிஸை நான் குறை கூறமாட்டேன். அவர் மீன் பிடித்தலிலும் வன விலங்கு பாதுகாப்பிலும் மெய்யான பற்றுடையவர். பங்குச் சந்தையின் வாசலை மிதிக்காமல் தம் கடையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பவர். ஆயினும் ஒரு கடையின் பெயரை விலைக்கு வாங்குகிறவர், அதன்மீது ஜனங்கள் வைத்திருந்த நம்பிக்கையையும் அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிட முடிவதில்லை.

இந்தக் கைமாற்றத்தின் சுமை ஸிட்னியின்மேல் விழுந்தது. 6,800 பேர் மாத்திரம் வசித்த அந்த ஊரில் சுமார் 2,000 பேருக்கு அந்தக் கம்பெனி சோறு போட்டது. தலைமை அலுவலக வேலைகள் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாறிச் செல்ல, குடும்பங்கள் வீடுகளை விற்க முயன்றன. ஒரே காலத்தில் எல்லாரும் விற்க வந்தால் வாங்குவார் யார்? நியூயார்க் நகரத்தில் சில பக்கக் கணக்கைப் பார்த்துச் செய்த ஒரு தீர்மானத்தின் விலையை, அந்தக் கம்பெனியைத் தங்கள் பகல்களையெல்லாம் கொடுத்து வளர்த்தவர்கள் செலுத்தினார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

டிக்ஸ் என்ற கம்பெனியின் விஷயத்தில் பிரிவு வேறு காரணத்தால் நேர்ந்தது. 1948இல், நியூயார்க் மாகாணத்து பிங்ஹாம்டனில், பாட்டி கொடுத்த 300 டாலரைக் கொண்டு பதினெட்டு வயது டிக் ஸ்டாக் தொடங்கிய தூண்டில் கடை, மகன் எட் ஸ்டாக் காலத்தில் நாடு முழுவதும் பரவியது. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லாண்டு பள்ளிக்கூடத்தில் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, போர்த் துப்பாக்கி வகைகளைத் தம் கடைகளில் இனி விற்பதில்லை என்றும், இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் துப்பாக்கி எதையும் தருவதில்லை என்றும் அவர் அறிவித்தார். கையிருப்பில் இருந்த சுமார் 50 லட்சம் டாலர் பெறுமானத் துப்பாக்கிகளை வேறு யாருக்கும் விற்காமல் அழித்தே விட்டார். துப்பாக்கி உற்பத்தியாளர் சிலர் அவருக்குச் சரக்கு கொடுக்க மறுத்தார்கள். தலைமுறையாக அங்கே வாங்கிய வேட்டைக்காரர் பலர் திரும்பிப் பாராமல் வெளியேறினார்கள். மறு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கடைகளிலிருந்து வேட்டைப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். மனச்சாட்சியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நஷ்டத்தை ஏற்ற வியாபாரியை நான் வணங்குகிறேன். தங்களைக் கொலைகாரர்களோடு ஒரே தட்டில் வைத்துவிட்டதாக எண்ணி வெளியேறிய வேட்டைக்காரர்களின் வருத்தத்தையும் நான் பொய்யென்று தள்ளமாட்டேன். இரு தரப்பாரும் நேர்மையாகவே பிரிந்தார்கள்.

இந்த இழுபறியெல்லாம் சுருங்கிக்கொண்டே வரும் ஒரு கூட்டத்தைக் குறித்து நடந்தது என்பதையும் கருத வேண்டும். அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, 2011இல் 1 கோடி 37 லட்சமாக இருந்த வேட்டைக்காரர் தொகை, 2016இல் 1 கோடி 15 லட்சமாகக் குறைந்தது. வேட்டைக்காரர் வாங்கும் நீண்ட குழல் துப்பாக்கிமீதும் தோட்டாமீதும் பதினொரு சதவீத வரி விதிக்கப்பட்டு, அது 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாணங்களின் வன விலங்கு பாதுகாப்புக்கு அளிக்கப்படுகிறது. ஆதலால் அவர்கள் குறைவது காட்டுக்கும் நஷ்டமே. குறைந்துவரும் கூட்டத்தைப் பங்கிடக் கடைகளும் ஒன்றோடொன்று சேர முயன்றன. யூட்டாவில் 1986இல் தோன்றிய ஸ்போர்ட்ஸ்மன்ஸ் வேர்ஹவுஸையும் விழுங்கிவிடப் பாஸ் ப்ரோவின் தாய்க் கம்பெனி 2020 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. மத்திய வர்த்தக ஆணையத்தின் அனுமதி கிட்டாது என்று கண்டு, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டார்கள். மேற்கு மாகாணங்களில் பல ஊர்களில், பாஸ் ப்ரோவுக்கும் கபேலாஸுக்கும் மாற்றாக இன்னொரு பெருங்கடை என்று சொல்லிக்கொள்ள இன்று அது ஒன்று மிஞ்சியிருப்பது அதனால்தான். வடக்கு டக்கோட்டாவின் ஃபார்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஷீல்ஸ், ஊழியர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி. கபேலாஸை விட்டு வந்தவர்களில் பலர் அங்கே போகிறார்கள். எந்தப் பொருளை விற்கிறார்களோ அதை உபயோகிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள்.

மாகாண எல்லை தாண்டித் தோட்டாவை நேரே வாங்குபவருக்கு அனுப்பி விற்கக் கூடாது என்ற தடையை 1986ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. ஆகவே பெரும்பாலான மாகாணங்களில் தோட்டாவும் உதிரிச் சாமானும் இணையத்தின் வழியாக நேரே வீட்டுக்கு வருகின்றன. துப்பாக்கி மாத்திரம் அப்படி வர முடியாது. வெளி மாகாணத்திலிருந்து வாங்கிய துப்பாக்கி, வாங்குபவரின் ஊரில் உரிமம் பெற்ற ஒரு வியாபாரியின் பெயருக்கு அனுப்பப்பட வேண்டும். அவர் வாங்குபவரின் பூர்வோத்தரங்களை மத்திய அரசாங்கத்தின் பதிவேட்டில் விசாரித்து, பத்திரங்களில் கையெழுத்துப் பெற்று, ஒரு சிறு கட்டணத்திற்கு அதை ஒப்படைக்க வேண்டும். பெருங்கடைகளால் நலிந்துபோன உள்ளூர்த் துப்பாக்கிக் கடைக்காரர்களுக்கு இந்த ஒரு நியமம் மறுபடியும் வாசலில் ஆள் நடமாட்டத்தை உண்டாக்கியிருக்கிறது. விசாரணை முடியும்வரை காத்திருக்க நேரும்போது, வாங்க வந்தவர், எந்த ஓடைக் கரையில் மான் இறங்குகிறது, எந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் என்றெல்லாம் கடைக்காரரிடம் கேட்கிறார்; போகும்போது தோட்டாப் பெட்டி ஒன்றையும், அவ்வருஷத்து வேட்டை உரிமத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த துப்பாக்கியை இணையத்தில் தேடாமல் அந்தக் கடைக்காரரிடமே சொல்லி வரவழைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.